பைபால்ட்: ஒரு திட்டு நிறச் சொல்லின் பொருளையும் பிறப்பையும் படிப்படியாகக் கண்டறியும் வழி

கறுப்பும் வெள்ளையும் திட்டுத் திட்டாகக் கலந்த குதிரையை ஆங்கிலத்தில் ‘பைபால்ட்’ என்பார்கள். இந்தச் சொல்லை விளக்கவோ தமிழில் எழுதவோ உட்காரும் புதியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். சொல்லைக் கண்டதும் இரண்டாகப் பிளந்து, துண்டுகளுக்கு இன்று தாங்கள் அறிந்த பொருளை ஒட்டிவிடுகிறார்கள். ‘பை’ என்றால் அடுப்பில் சுட்ட பண்டம், ‘பால்ட்’ என்றால் வழுக்கை. பிறகு இவை இரண்டையும் குதிரையோடு சேர்க்க ஒரு கதை வேண்டியிருக்கிறது. கதை எப்போதும் கிடைத்துவிடும், அதுதான் ஆபத்து.

கீழே உள்ள வரிசை அந்தச் சறுக்கலைத் தடுப்பதற்கானது. முதலில் விலங்கு, அப்புறம் பொருள், அப்புறம் காலம், அதன் பிறகே வேர். வரிசையை மாற்றினால் அடுத்தடுத்த படிகள் பயனில்லாமல் போகும். வேறு நிறச் சொற்களைத் தேடும்போதும் இதே வரிசை உதவும்.

தொடங்கும் முன் தேவையானவை

முதல் தேவை, ஆண்டுகளுடன் சான்று தரும் ஒரு வரலாற்று அகராதி. ஆங்கிலத்துக்கு ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இருக்கிறது. அதன் முதல் பகுதி 1884இல் வந்தது, முழுப் பதிப்பு 1928இல் முடிந்தது. கையடக்க அகராதி போதாது. அது இன்றைய பொருளை மட்டும் சொல்லும், நமக்கோ ஒரு பொருள் எந்தக் காலத்தில் வழங்கியது என்பதுதான் முக்கியம்.

இரண்டாவது, அந்த விலங்கின் தெளிவான படங்கள் சில. மேக்பை என்ற பறவையின் படமும் பக்கத்தில் இருக்கட்டும், நான்காம் படியில் தேவைப்படும்.

மூன்றாவது, தமிழ் வடிவத்தைத் தேர்ந்தெடுக்க 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் போன்ற ஒரு பேரகராதி.

1. முதலில் விலங்கைப் பாருங்கள்

நிறச் சொல்லுக்கு அகராதி வரையறை மட்டும் போதாது. ‘இரு நிறமுள்ள’ என்று வரையறை சொன்னால் வரிக்குதிரையும் அதில் அடங்கிவிடும். ஆனால் வரிக்குதிரையை யாரும் பைபால்ட் என்று வகைப்படுத்துவதில்லை. ஏன் என்று புரிந்துகொள்ள, அந்த மேனி எப்படி உண்டாகிறது என்று தெரிய வேண்டும்.

தோலுக்கும் மயிருக்கும் நிறம் தரும் செல்களுக்கு மெலனோசைட் என்று பெயர். கரு வளரும்போது இவற்றின் முன்னோடிச் செல்கள் முதுகுப் பக்கத்திலிருந்து கிளம்பி உடலெங்கும் பரவுகின்றன. அவை போய்ச் சேராத இடம் வெள்ளையாக நின்றுவிடுகிறது. முதுகிலிருந்து தொலைவில் உள்ள வயிறு, பாதம், நெற்றி ஆகியவற்றில் வெள்ளை அதிகம் தென்படுவதற்கு இதுவே காரணம். நெற்றியை மட்டும் தனியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள், ஐந்தாம் படியில் அது திரும்ப வரும்.

ஆகவே பைபால்ட் மேனி என்பது ஓர் இனத்துக்குள் சில உயிர்களுக்கு மட்டும் வருவது. திட்டுகள் ஒழுங்கற்றவை, ஒரு விலங்கின் கோலம் மற்றொன்றில் அப்படியே இராது. வரிக்குதிரையிலும் பாண்டாவிலும் அப்படியில்லை. அங்கே இனம் முழுவதற்கும் அடிப்படைக் கோலம் ஒன்றுதான்.

பக்கத்தில் நிற்கும் வேறு சில நிலைகளையும் பிரித்துவிடுங்கள்:

அல்பினோ விலங்கில் நிறமியே இல்லை அல்லது மிகக் குறைவு, அதனால் கண்ணும் வெளிறியோ சிவந்தோ தெரியும். விட்டிலிகோ, அதாவது தோல் திட்டுத் திட்டாக நிறம் இழக்கும் நிலை, பெரும்பாலும் பிறந்த பிறகு தோன்றும், பரவவும் செய்யும். ரோன் மேனியில் வெள்ளை மயிர் திட்டாக இல்லாமல் நிற மயிரோடு சீராக ஊடாடி நிற்கும். பிரிண்டில் என்பது மங்கலான கோடுகள்.

குதிரையில் மிக எளிதாக ஏமாற்றுவது சாம்பல் குதிரை. அது பிறக்கும்போது ஏதோ ஓர் அடர்நிறத்தில் இருந்து வளர வளர வெளுத்து வரும், நடுவில் ஒரு கட்டத்தில் திட்டுத் திட்டாகவும் தோன்றும். வெள்ளைப் பகுதியின் தோலைக் கவனித்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். பைபால்ட் குதிரையின் வெள்ளைத் திட்டுக்கு அடியில் தோல் இளஞ்சிவப்பு, சாம்பல் குதிரையின் வெள்ளை மயிருக்கு அடியில் தோல் கருமை.

2. இன்றைய பொருளை ஒரே வரியில் எழுதுங்கள், எந்தத் துறையில் என்பதையும் சேர்த்து

இந்த வரியை எழுதி முடிக்காமல் வேரைத் தேடப் போகாதீர்கள். எழுதிவிட்டால், பிறகு எந்த வேர் வந்தாலும் இதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க முடியும்.

குதிரையைப் பொறுத்தவரை வரி கறாரானது: பைபால்ட் என்றால் வெள்ளையும் கறுப்பும். வெள்ளையோடு பழுப்போ செம்பழுப்போ, கறுப்பு அல்லாத எந்த நிறமோ கலந்தால் அது ‘ஸ்கியூபால்ட்’. பிரிட்டனில் குதிரை வளர்ப்போர் இந்தப் பிரிவினையைக் காப்பாற்றுகிறார்கள். இரண்டுக்கும் பொதுவாகச் சொல்ல அவர்களிடம் ‘கலர்டு’ என்ற சொல் இருக்கிறது. அமெரிக்காவில் இரண்டையும் சேர்த்து ‘பின்டோ’ என்பதே பெருவழக்கு.

மற்ற விலங்குகளுக்கு வரும்போது வரி தளர்ந்துவிடுகிறது. பழுப்பு மானின் மேனியில் வெள்ளைத் திட்டு இருந்தாலும் பைபால்ட் மான்தான். ‘பால் பைத்தான்’ என்ற மலைப்பாம்பு வகையிலும் அப்படியே, வெள்ளைத் திட்டு இருந்தால் போதும், மற்ற நிறம் கறுப்பாக இருக்க வேண்டியதில்லை. மனிதரிலும் பைபால்டிசம் என்ற பிறவி நிலை உண்டு. முன்நெற்றியில் வெள்ளை மயிர்க்கற்றையும் உடலில் நிறமற்ற திட்டுகளும் பிறப்பிலேயே இருக்கும். பெரும்பாலும் கிட் என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றமே அதற்குக் காரணம்.

ஆக, எழுத வேண்டியது இரண்டு வரிகள். ஒன்று குதிரைக்கு, ஒன்று பொதுவாக. ‘பைபால்ட் என்றால் கறுப்பு வெள்ளை’ என்று ஒரே வரியோடு நிறுத்தியவர்கள் பழுப்பு மானைப் பற்றிய கட்டுரையில் அதைக் கறுப்பு மானாக்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

3. சொல் பிறந்த காலத்தைக் குறியுங்கள்

பைபால்ட் 1580களில் பதிவாகிறது. ஸ்கியூபால்ட் 1650களில். இந்த இரண்டு ஆண்டுகளையும் தாளின் மேலே எழுதி வையுங்கள்.

காலம் எதற்கு? சொல்லின் துண்டுகள் இன்று என்ன பொருள் தருகின்றன என்பது நமக்குத் தேவையில்லை. 1580களில் ஆங்கிலம் பேசியவர் காதில் அவை என்னவாக ஒலித்தன என்பதே கேள்வி. ஆண்டு இல்லாமல் அந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது.

இன்னொன்றையும் காலம் சொல்லித்தருகிறது. ஸ்கியூபால்ட் சுமார் 70 ஆண்டுகள் பின்னால் வருகிறது. ஆகவே பைபால்டைப் பார்த்து அது உருவாக்கப்பட்டிருக்கும் என்று எடுத்துக்கொள்வது இயல்பு. முந்தைய சொல்லின் வேரை விளக்கப் பிந்தைய சொல்லைச் சான்றாகக் காட்டக் கூடாது.

4. முன்பாதி: ‘பை’ ஒரு பறவை

இந்தப் பாதி சுலபம். ‘பை’ என்பது மேக்பை பறவையின் பழைய பெயர். காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்தது. தலை, மார்பு, முதுகு கறுப்பு. வயிறும் தோளும் தூய வெள்ளை. நீண்ட வாலிலும் சிறகிலும் நீலமும் பச்சையும் மின்னும். படத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் பொருத்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பெயர் வந்த வழி இது: லத்தீனில் ‘பீக்கா’, அதிலிருந்து பழைய பிரெஞ்சில் ‘பீ’, அங்கிருந்து 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு. அந்த லத்தீன் பெயர் பறவையின் அறிவியல் பெயரில் இன்றும் அப்படியே நிற்கிறது: பீக்கா பீக்கா.

இங்கே புதியவர்கள் கேட்கும் நல்ல கேள்வி ஒன்று உண்டு. பறவையின் பெயர் மேக்பை என்றால், சொல் ஏன் ‘மேக்பைபால்ட்’ ஆகவில்லை? மூன்றாம் படியில் எழுதிய ஆண்டு இதற்குப் பதில் சொல்கிறது. மேக்பை என்ற நீண்ட வடிவம் 1600ஐ ஒட்டித்தான் நிலைபெறுகிறது. ‘மேக்’ என்பது மார்கரெட் என்ற பெண் பெயரின் செல்ல வடிவம், பறவைப் பெயரோடு பிறகு ஒட்டியது. பைபால்ட் உருவான நாளில் பறவை வெறும் ‘பை’தான். வேர் சரி என்பதற்கு இப்படிப்பட்ட காலப் பொருத்தமே வலுவான சான்று.

5. பின்பாதி: ‘பால்ட்’ இங்கே வழுக்கை அல்ல

தவறுகள் குவியும் இடம் இதுதான், அதனால் நிதானமாகப் போவோம்.

‘பால்ட்’ இடைக்கால ஆங்கிலத்தில் ‘பல்லெட்’ என்ற வடிவில் 1300 வாக்கில் தென்படுகிறது. முடியற்ற என்ற பொருள் அப்போதே இருக்கிறது. ஆகவே ‘அந்தக் காலத்தில் வழுக்கை என்ற பொருளே கிடையாது’ என்று வாதிட முடியாது. அப்படி எழுதிவிடவும் வேண்டாம். நாம் காட்ட வேண்டியது வேறு. வழுக்கைப் பொருளோடு கூடவே, விலங்குகளைச் சொல்லும்போது ‘முகத்திலோ தலையிலோ வெள்ளை உள்ள’ என்ற பொருளும் இந்தச் சொல்லுக்கு இருந்தது.

அதற்கான சான்றுகள் உயிரோடு பறந்துகொண்டிருக்கின்றன. பால்ட் ஈகிள் என்ற கழுகின் தலையில் வழுக்கையே இல்லை. முதிர்ந்த கழுகின் தலை முழுக்க அடர்ந்த வெள்ளை இறகு. பெயர் வைத்தவர்கள் அந்த வெள்ளையைத்தான் பார்த்தார்கள். அறிவியல் பெயரில் உள்ள ‘லியூக்கோசெஃபலஸ்’ என்ற கிரேக்கக் கூட்டுக்கும் வெண்தலை என்பதே பொருள். பால்ட்-ஃபேஸ்டு ஹார்னெட் என்று ஒரு குளவி இருக்கிறது. கரிய உடல், வெள்ளை முகம். நெற்றியிலிருந்து மூக்குவரை அகன்ற வெள்ளை உள்ள குதிரையையும் ஆங்கிலத்தில் பால்ட் ஃபேஸ் என்றே சொல்வார்கள். இம்மூன்றிலும் ‘முடியற்ற’ என்று வைத்தால் பொருள் உடைகிறது, ‘வெள்ளை உள்ள’ என்று வைத்தால் மூன்றும் ஒரே வரிசையில் நிற்கின்றன.

வெல்ஷ் போன்ற கெல்டிக் மொழிகளிலும் விலங்கின் நெற்றி வெள்ளையைக் குறிக்கும் ‘பால்’ என்ற சொல் உண்டு. ஆங்கிலச் சொல் அதனோடு தொடர்புடையது என்பது பரவலான கருத்து. பந்தைக் குறிக்கும் ‘பால்’ உடன் இணைத்து, பந்து போல் வழவழப்பானது என்று விளக்கும் கருத்தும் இருக்கிறது. இரண்டில் எது சரியானாலும் நம் முடிவு மாறாது. பைபால்டுக்குத் தேவைப்படுவது அதற்கும் ஆதி மூலம் எது என்பதல்ல, அந்தக் காலத்தில் வெள்ளைத் திட்டுப் பொருள் வழங்கியதா என்பதுதான். வழங்கியது.

முதல் படியில் குறித்த நெற்றியை இப்போது எடுங்கள். நெற்றி வெள்ளையும் உடல் திட்டும் பெரும்பாலும் ஒரே காரணத்தால் வருபவை, நிறச் செல் போய்ச் சேராத இடங்கள். செல்லைப் பற்றி எதுவும் அறியாத காலத்து மக்கள், நெற்றி வெள்ளைக்கு வைத்திருந்த சொல்லையே திட்டு மேனிக்கும் நீட்டினார்கள். மனிதக் கண் எவ்வளவு கூர்மையாகக் கவனித்திருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

சரி, இரண்டு பாதிகளையும் சேருங்கள்: மேக்பை போல வெள்ளைத் திட்டுள்ளது. இரண்டாம் படியில் குதிரைக்கு எழுதிய வரியோடு ஒப்பிடுங்கள். கறுப்பு வெள்ளை என்ற கறார் எங்கிருந்து வந்தது என்பது இங்கே தெரிகிறது. பறவை கறுப்பு வெள்ளை, அதனால் குதிரையும்.

6. உறவுச் சொற்களை வைத்துச் சோதியுங்கள்

சரியான வேர் ஒரே சொல்லோடு நின்றுவிடாது, சுற்றியுள்ள சொற்களையும் விளக்கும். அதனால் இந்தப் படியைத் தாண்டாதீர்கள்.

‘பைட்’ என்ற பெயரடை 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே இருக்கிறது, பொருள் ‘பை பறவை போன்ற இரு நிறம் கொண்ட’. பைட் கிங்ஃபிஷர் கறுப்பு வெள்ளை மீன்கொத்தி. பைட் வாக்டெயில் கறுப்பு வெள்ளை வாலாட்டி. ஹாம்லின் நகரத்து எலிகளைக் குழலூதி அழைத்துச் சென்றவனின் கதையில் அவன் ‘பைட் பைப்பர்’. அங்கே அது அவன் உடையின் பல வண்ணத்தைச் சொல்கிறது. ஆக ‘பைட்’ காலப்போக்கில் கறுப்பு வெள்ளையிலிருந்து விலகிப் பலவண்ணத்துக்கும் போயிருக்கிறது என்று தெரிந்துகொள்கிறோம்.

பிரெஞ்சு இன்னும் தெளிவான சாட்சி. அங்கே பறவையின் பெயரும் திட்டு மேனியின் பெயரும் இன்றும் ஒரே சொல்: ‘பீ’. வெள்ளையில் கறுப்புத் திட்டுள்ள மாட்டை ‘பீ நுவார்’ என்றும் சிவப்புத் திட்டுள்ளதை ‘பீ ரூஜ்’ என்றும் சொல்கிறார்கள். ‘பிரெத்தோன் பீ நுவார்’ என்று ஒரு மாட்டினமே இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் போலீஸ் காருக்குக்கூட ‘பீ கார்’ என்ற பெயர் வழங்கியது. தனித்தனி மொழிகளில் ஒரே பறவையிலிருந்து ஒரே பொருள் கிளைத்து நிற்கும்போது, வேர் உறுதிப்பட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

7. ஒட்டாத உறவுகளை வெட்டுங்கள்

தேடும்போது ஒலியொற்றுமையால் வந்து ஒட்டிக்கொள்பவை சில உண்டு.

பண்டத்தைக் குறிக்கும் ‘பை’. பலவற்றைப் பொறுக்கிச் சேர்க்கும் பறவையின் பெயரே, பலவும் சேர்த்து நிரப்பிய அந்தப் பண்டத்துக்கும் போயிருக்கலாம் என்று ஒரு கருத்து உண்டு. உண்மையானாலும் பைபால்டின் பாதை பண்டம் வழியாகப் போகவில்லை, பறவையிலிருந்து நேராக வந்தது.

பிரெஞ்சில் காலடியைக் குறிக்கும் சொல்லை எழுத்தில் பார்த்தால் ஆங்கில ‘பைட்’ போலவே இருக்கும். அதைக் கண்டு ‘வெள்ளைக் காலுள்ள’ என்று விளக்கம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டுக்கும் உறவில்லை.

பின்டோ ஸ்பானியச் சொல், வண்ணம் தீட்டப்பட்டது என்று பொருள். பொருள் பக்கத்தில் இருந்தாலும் வேர் வேறு. பைபால்டோடு ஒரே குடும்பத்தில் சேர்க்காதீர்கள்.

ஸ்கியூபால்டில் உள்ள ‘ஸ்கியூ’ பெரிய பொறி. சாய்ந்த, கோணலான என்று பொருள் தரும் சொல் இன்று எல்லோருக்கும் தெரியும், அதனால் ‘கோணல் திட்டு’ என்று எழுதிவிடுகிறார்கள். 15ஆம் நூற்றாண்டிலேயே திட்டுக் குதிரையைக் குறிக்க ‘ஸ்கியூட்’ போன்ற ஒரு வடிவம் இருந்தது. அதன் மூலம் பற்றி அறிஞர்களிடையே ஒத்த முடிவு இல்லை. மேகத்தைக் குறித்த பழைய சொல் என்பார் ஒருவர், கேடயத்தைக் குறித்த பிரெஞ்சுச் சொல் என்பார் இன்னொருவர்.

8. உறுதி எவ்வளவு என்பதையும் பதிவு செய்யுங்கள்

ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் ஒரே சொல் போதும்: உறுதி, பெரும்பாலும், முடிவாகவில்லை. ‘பை’ பறவை என்பது உறுதி. ‘பால்ட்’ வெள்ளைத் திட்டு என்பதும் உறுதி. அது கெல்டிக் மொழித் தொடர்புடையது என்பது பெரும்பாலும். ‘ஸ்கியூ’ முடிவாகவில்லை. இந்தக் குறிப்பு இல்லாவிட்டால் உங்கள் கட்டுரையைப் படித்து எழுதுபவர் ஊகத்தையும் உண்மையாக எடுத்துச் செல்வார், அவருக்குப் பின்னால் வருபவரும் அப்படியே.

9. தமிழில் எழுதும்போது

வேரைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் அதை மொழிபெயர்ப்புக்குள் திணிக்க வேண்டாம். ‘மேக்பைத் திட்டுக் குதிரை’ என்று எழுதினால் வாசகர் பறவையைத் தேடுவார், குதிரையை விட்டுவிடுவார். வேர் உங்கள் குறிப்பேட்டுக்கு, பொருள் வாசகருக்கு.

பொது வாசகருக்கு ‘கறுப்பு வெள்ளைத் திட்டுக் குதிரை’ என்பதே போதும். ‘புள்ளி’ வேண்டாம். புள்ளி என்றால் புள்ளிமானில் உள்ளது போன்ற சிறிய, சிதறிய குறிகள். திட்டு அகலமானது, விளிம்பு ஒழுங்கற்றது. ‘வரி’யும் வேண்டாம், அது புலிக்கு.

மாடு வளர்ப்போர் வழக்கையும் பள்ளுப் பாடல்களையும் அறிந்த வாசகர் என்றால் நம்மிடம் இன்னும் நல்ல சொல் இருக்கிறது: மறை. பள்ளுப் பாடல்கள் அடுக்கும் மாட்டுப் பெயர்களில் செம்மறையன், கருமறையன் போன்றவை வருகின்றன. கருந்திட்டுக்குக் கருமறை, செந்திட்டுக்குச் செம்மறை என்று கொண்டால் பைபால்ட், ஸ்கியூபால்ட் என்ற பிரிவினை கிட்டத்தட்ட அப்படியே தமிழில் உட்காருகிறது. ‘பால்ட் ஃபேஸ்’ என்பதற்கும் சிரமப்பட வேண்டாம். நெற்றி வெள்ளையைச் சுட்டி என்று சொல்வது நமக்குப் பழக்கம்தான்.

செம்மறையையும் செம்மறியையும் மட்டும் குழப்பாதீர்கள். செம்மறி ஆட்டில் உள்ள ‘மறி’ ஆட்டையும் அதன் குட்டியையும் குறிக்கும் பழஞ்சொல், நிறத் திட்டோடு அதற்குத் தொடர்பில்லை. தட்டச்சில் ஒரே எழுத்துதான் வேறுபாடு என்பதால், அச்சுக்குப் போகும் முன் இந்த இடத்தை இன்னொருவரிடம் படிக்கக் கொடுங்கள்.

கடைசியாக, பைபால்ட் எப்போதும் விலங்கையே குறிக்காது. 1580களிலிருந்தே ‘பலதும் கலந்த, ஒட்டாமல் சேர்த்த’ என்ற பொருளிலும் வழங்குகிறது. இரண்டு மொழி கலந்த நடையை பைபால்ட் மொழி என்று சொல்வதுண்டு. வாக்கியத்தில் விலங்கு எதுவும் இல்லையென்றால் திட்டையும் மறையையும் விட்டுவிட்டு ‘கலப்பு’ என்று எழுதுங்கள்.